மூன்று மில்லிமீட்டர் இறங்கும் என்றேன்

நம் அலுவலகத்தில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்காக எதையாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டிருந்தார்கள். நன்றாக முடிந்த அடித்தள வேலைகளைப் பற்றி எழுதலாம். அவை நிறையவே உண்டு. அவற்றின்மேல் கட்டடங்கள் நேராக நிற்கின்றன. விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது என் கையெழுத்தோடு போன ஒரு தப்பான அடித்தளத்தைப் பற்றி. இதை மன்னிப்புக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்து மூன்று வருடம் அடித்தளம் போட்டவள் நான். வேலையை நன்றாகச் செய்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு, இந்தத் தப்பை நான் எதிர்கொண்ட விதமும் ஒரு காரணம்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அங்கே மருந்து நிரப்புவதற்கென்று எட்டு அறைகள் கட்ட வேண்டியிருந்தது. அந்த அறைகளை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடைவெளி விட்டு நிற்கும். உள்ளே நான்கு பேருக்குமேல் உட்காரக் கூடாது. எதிரெதிராக இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். மருந்து பற்றிக்கொண்டால் யோசிக்க நேரம் இருக்காது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ அந்தப் பக்கம் எழுந்து ஓட வேண்டும். கூரையும் லேசானதுதான். வெடித்தால் அது மேலே பறந்துவிட வேண்டும், சுவர் உள்ளே இருப்பவர்கள் மேல் விழக் கூடாது.

மண், கரிசல். மேலே இரண்டரை மீட்டருக்குக் கரிசல், அதன் கீழே சுக்கான் கல் கலந்த கெட்டி மண். ஓர் அறைக்கு நான்கு பைல்கள், மூலைக்கு ஒன்று. அதாவது நிலத்துக்குள் செங்குத்தாக இறங்கும் நான்கு கான்கிரீட் கால்கள். அவற்றைத் தரைமட்டத்தில் உத்தரம் கட்டி இணைத்து, அதன்மேல் சுவர். ஒவ்வொரு மூலையும் ஒரே காலில் நிற்கிறது. அந்தக் கால் ஏமாற்றினால் பக்கத்தில் தாங்க இன்னொன்று இல்லை.

நான் முதலில் வரைந்த படத்தில் ஒவ்வொரு பைலின் அடியிலும் குடம்போல் விரிந்த ஒரு குமிழ் இருந்தது. கரிசலில் நம் ஊர்ப்பக்கம் வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் அதை வெட்டுவது லேசான வேலை இல்லை. கைக்கருவியைக் குழிக்குள் இறக்கி இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். பக்கச் சுவர் சரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு குழிக்கு அரை நாள் போனது. முப்பத்திரண்டு குழிகள். கட்டுமான ஒப்பந்தக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், இந்தக் குமிழ் இல்லாம முடியாதா? சீசனுக்குள்ள ரூம்ப ஒப்படைக்கணும்னு அண்ணாச்சி நிக்காக."

நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. ஒற்றைப் பைல் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கிற மென்பொருள் அப்போதுதான் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தது. மண் அடுக்குகள், பைலின் நீளம், விட்டம், மேலே வரும் பாரம் எல்லாவற்றையும் கொடுத்தேன். குமிழோடு இரண்டு மில்லிமீட்டர் இறங்கும் என்றது. குமிழை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மூன்று. நீளத்தையும் அரை மீட்டர் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் மூன்றுதான். பன்னிரண்டு வரைக்கும் போகலாம் என்கிற இடத்தில் மூன்று! அன்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைக் கண்டால் நீங்கள் உஷாராகிவிடுங்கள். இத்தனை காலமும் எல்லாரும் பயந்து பயந்து வேண்டாத கான்கிரீட்டைப் புதைத்திருக்கிறார்கள், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். குமிழை நீக்கி, நீளத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன்.

"பக்கத்து நெலத்தையும் வாங்கியாச்சு மேடம். இன்னும் பன்னெண்டு ரூம் போடணும். அதே டிசைனப் போட்டுக் குடுத்துருங்க. நீங்க வரக்கூட வேணாம்."

நிலத்தைப் பார்க்காமல் படம் கொடுப்பதில்லை என்பது என் பழக்கம். அந்தப் பழக்கம் மட்டும் அன்று என்னைக் காப்பாற்றியது.

செப்டம்பர் மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. மூன்று நாள் விடாமல் மழை பெய்து வேலை கெட்டு, அன்றுதான் வெயில் வந்திருந்தது. போன மூன்று நாளையும் சேர்த்துப் பிடிக்க எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். போன், கம்ப்யூட்டர், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பையும் விட்டுவிட்டு, அண்ணாச்சியோடு ஈரக் கரிசலில் நடந்தேன். புது நிலத்துக்குப் போகும் வழியில் நம் எட்டு அறைகளும் வரிசையாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தன.

ஐந்தாம் நம்பர் அறையில் மேற்குக் கதவை ஒட்டி மரத் தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"கதவுல எதுக்கு இப்படி அடுக்கி வச்சிருக்கீங்க?"

உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சண்முகத்தாய், நாற்பது வயதிருக்கும். கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"அது தெறக்காத கதவு மேடம்."

"தெறக்காதுன்னா?"

"மழை பேஞ்சா பிடிச்சுக்கிரும். வெயில் அடிச்சா கொஞ்சம் விடும். இந்த மழைக்கு அசையவே மாட்டேங்கு. நாங்க அங்கிட்டுப் போறதே இல்ல. கெழக்க ஒரு கதவு இருக்குல்ல, அது போதும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். திறக்காத கதவோடு அவர்கள் வாழப் பழகியிருந்தார்கள். பழகியதோடு, அதை அலமாரியாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

"போர்மேன் அண்ணன்ட்ட சொன்னோம் மொதலாளி. கீலுக்கு எண்ணெ போட்டாக."

அவர்களை வெளியே வரச் சொல்லி, மருந்தையும் தட்டுகளையும் அப்புறப்படுத்தச் சொன்னேன். பிறகு கதவைப் பார்த்தேன். கீலில் ஒரு குறையும் இல்லை. நிலைச்சட்டமே கோணியிருந்தது. மேலே ஒரு மூலையில் விரல் போகிற இடைவெளி, மறு மூலையில் தாள்கூட நுழையாது. தென்மேற்கு மூலைக்கும் மற்ற மூலைகளுக்கும் மட்டம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

காம்பவுண்டுச் சுவர் வேலைக்கு வந்திருந்த கொத்தனார்தான் இந்த அறைகளையும் கட்டியவர். தண்ணீர் நிரப்பிய டியூப்போடு வந்து நான்கு மூலைகளையும் மட்டம் பார்த்தார். தென்மேற்கு மூலை மற்ற மூன்றையும்விட இருபத்து நான்கு மில்லிமீட்டர் உயரம்.

"மூணு மூலை எறங்கியிருக்கு," என்றேன் நான். என் வாயில் முதலில் வந்தது அதுதான். வருடக்கணக்காக இறக்கத்தை மட்டுமே கணக்குப் போட்ட மூளைக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மூணு சொல்லி வச்ச மாதிரி ஒண்ணாவா எறங்கும் மேடம்? கட்டும்போது போர்வெல் குழாயில மட்டக் கோடு போட்டு வச்சிருக்கேன். குழாய் பாறைக்குள்ள நிக்கி, அது அசையாது. அங்கனருந்து பிடிச்சுப் பாப்போம்."

அங்கிருந்து பிடித்தோம். மூன்று மூலைகளும் கட்டிய மட்டத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. நான் சொன்ன அதே மூன்று. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி நான்காவது மூலையின் கணக்கைச் சொன்னார். அது இருபத்தொரு மில்லிமீட்டர் மேலே வந்திருந்தது.

அந்த மூலையில்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தீப் பிடித்தால் அணைப்பதற்காக ஒவ்வோர் அறைக்கும் வெளியே தொட்டி இருக்க வேண்டும் என்பது விதி. தினமும் காலையில் நிரப்புவார்கள், நிரம்பி வழியும். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீர் பைலைச் சுற்றிய கரிசலில் இறங்கியிருக்கிறது. மேலே மழை வேறு. கரிசல் நனைந்தால் பொங்கும். பொங்கும்போது தனக்குள் நிற்கிற பைலையும் கவ்வி மேலே தூக்கும். சுவரும் கூரையும் அதை அழுத்திப் பிடிக்கிற அளவுக்குப் பாரம் இல்லை. கீழே கெட்டி மண்ணில் மாட்டிக்கொண்டு பைலை இழுத்துப் பிடிப்பதற்காகத்தான் அந்தக் குமிழ். இதை நான் கல்லூரிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். திரையில் மூன்று என்கிற எண்ணைப் பார்த்த அன்று, குமிழ் பாரத்தைத் தாங்குவதற்காக மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற ஏழு அறைகளையும் பார்த்தோம். இரண்டாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் கதவு பிடித்தது. மற்ற ஐந்தில் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கதவுகள் திறந்தன.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், இன்னும் இருவது நாள்தான் சீசன். ஆர்டர் அம்புட்டும் நிக்கி. பிடிக்கிற மூணு ரூம்ப மட்டும் மூடிருவோம். மத்த அஞ்சும் நல்லாத்தான இருக்கு? தீவாளி கழியட்டும், நீங்க சொன்னபடி எல்லாத்தையும் செஞ்சுருவோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது. நான்கூட அதற்குத் தலையாட்டியிருக்கலாம்; தலையாட்டியிருந்தால் என் தப்பு மூன்று அறையோடு சுருங்கிவிடும். சண்முகத்தாயும் மற்றவர்களும் வேப்ப மரத்தடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் மழையில் ஏற்கெனவே அவர்களுக்குக் கூலி போயிருந்தது. நான் எட்டையும் மூடச் சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கப்போவதில்லை.

"அண்ணாச்சி, இன்னொரு மழை வந்தா அந்த அஞ்சுல எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாத ரூம்புக்குள்ள ஆள உக்காரச் சொல்ல என்னால முடியாது. எட்டையும் இன்னைக்கே நிறுத்துங்க."

"எழுதிக் குடுப்பீகளா?"

கேட்டை ஒட்டிய ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். எட்டு அறைகளின் பைல்களிலும் அடிக் குமிழை நீக்கியது என் முடிவு, அது தவறு, எல்லாக் கதவுகளும் தடையில்லாமல் திறக்கும்வரை யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. மூன்று வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார். "மேடம், இது வெளிய தெரிஞ்சா ஒங்க பேரு கெட்டுப் போகுமே. மண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுங்க, போதும்."

"மண்ணு அன்னைக்கும் இதே மண்ணுதான் அண்ணாச்சி. நான்தான் அதக் கணக்குல சேக்கல."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "ஏத்தா, இன்னைக்குப் போதும். எல்லாரும் வெளிய வாங்க," என்று அவர் கத்திய சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

நான் வெளியே வந்தபோது சண்முகத்தாய் கேட்டார். "எத்தன நாளைக்கு மேடம்?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நாலு நாள். அதுக்கு மேல ஆகாது."

நான்கு நாளும் நான் அங்கேதான் இருந்தேன். முதலில் அறைகளைக் காலி செய்து, ஒரு துளி மருந்து இல்லாமல் கழுவித் துடைத்தோம். அதற்குப் பிறகுதான் உளியையும் சுத்தியலையும் உள்ளே விட்டேன். நிலையோடு கதவுகளைக் கழற்றி, வாசலை அகலப்படுத்தி, மூலை இன்னும் ஒரு விரற்கடை ஏறினாலும் பிடிக்காத அளவுக்கு இடம் விட்டு மாட்டினோம். உத்தரத்தின் அடியில் முட்டிக்கொண்டிருந்த கரிசலைத் தோண்டி எடுத்தோம். தொட்டிகளைத் தள்ளி வைத்து, வழிகிற தண்ணீர் பள்ளத்துக்குப் போக வாய்க்கால் போட்டோம். அண்ணாச்சி அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. மண் சுமக்கவும் கழுவவும் அவர்களையே வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் பதினாறு கதவுகளையும் அவர்களே திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். சீசன் முடிந்ததும், ஏறிய மூலைகளில் குமிழோடு புதுப் பைல் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு புது அறைகளின் வேலையையும் அண்ணாச்சி எனக்கே கொடுத்தார். வேறு ஆளைப் பார்க்கலாமே என்று கேட்டவர்களிடம், "தப்ப எழுதிக் குடுக்குற ஆளு வேற யாரு இருக்கா?" என்றாராம்.

இனி அந்த மென்பொருள். அதை நான் குறை சொல்வேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த நான்கு நாள் வேலை முடிந்து ஆபீசுக்குத் திரும்பியதும் அதே கோப்பைத் திறந்தேன். இரண்டாவது பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: மண் பொங்கும் ஆழம், பொங்கும்போது வரும் அழுத்தம். இரண்டிலும் பூஜ்யம். நான் தொடவே இல்லை. நம் கரிசலுக்குரிய எண்களைப் போட்டேன். திரையில் வரைபடக் கோடு பூஜ்யத்தைத் தாண்டி மேலே ஏறியது. பதினெட்டு மில்லிமீட்டர் உயரும் என்றது. இருபத்தொன்றுக்குப் பதினெட்டு என்பது நல்ல கணிப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கும்.

ஆகவே படத்தில் இருக்கும் எதையும் எடுப்பதற்கு முன்னால், அதை ஏன் வைத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் எடுக்காதீர்கள். நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய விதி இந்த ஒன்றுதான்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. கோப்பை மூடும்போதுதான் உறைத்தது: அந்த மூன்று மில்லிமீட்டர் சந்தோஷத்தில் வேறு எங்கெல்லாம் குமிழை எடுத்தேன்? பழைய படங்களை முழுவதும் புரட்டினேன். ஐந்து இடங்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் இடமாகப் போனேன். இரண்டு அச்சக குடோன்கள், காகிதக் கட்டுகளின் பாரம் அழுத்தியதில் அசையாமல் நின்றன. மூன்றாவதில் பொங்காத சரளை மண், தப்பித்தது. நான்காவது இடத்தில் சுவர் விரிசல் விட்டிருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அந்த உரிமையாளர் வாய்க்கு வந்தபடி பேசினார், நின்று கேட்டுக்கொண்டேன், பிறகு சரிசெய்து கொடுத்தேன்.

ஐந்தாவது, ஒரு சின்னப் பட்டாசு யூனிட். இரண்டே அறைகள். நான் போனது பகல் பதினோரு மணிக்கு. உள்ளே பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதல் அறையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதைச் சுற்றி வந்தேன். என் படத்தில் மேற்குக் கதவு இருந்த இடத்தில் கதவைக் காணவில்லை. செங்கல் வைத்து அடைத்து, பூசி, சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள்.

உரிமையாளர் முப்பது வயதுக்காரர். "அந்தக் கதவு ரொம்பத் தொல்ல குடுத்துச்சு. மழைக்கு மழை பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அடச்சுட்டோம்," என்றார்.

"இப்பவே இடிக்கணும். மொதல்ல ஆட்கள வெளிய வரச் சொல்லுங்க."

"சீசன்ல வந்து இடிங்கிறீக. நீங்க யாரு இதச் சொல்றதுக்கு?"

"அந்தக் கதவு பிடிச்சதுக்குக் காரணம் கீழ இருக்க பைலு. அதக் கொறச்சு வரஞ்சவ நான்தான்."

அவர் உள்ளே இருந்தவர்களை வெளியே கூப்பிட்டார்.

மருந்தை அப்புறப்படுத்தி, தரையைக் கழுவிக் காயவிட்டு, கொத்தனார் ஒருவர் வந்து சேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. முதல் செங்கல் விழுந்து, ஒரு கை நுழைகிற ஓட்டை தெரிந்தது. பிறகு தலை உயரம், பிறகு ஆள் உயரம். தூசி அடங்கியதும் உள்ளே வேலை பார்க்கிற பெண்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிழக்குப் பக்கமாக நுழைந்து, அறையைக் கடந்து, இடித்த வழியாக என் பக்கம் வெளியே வந்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள்.

"காத்து வருது மேடம்," என்றாள்.

நான் கொத்தனாரிடம் வாசலை இன்னும் அரை அடி அகலப்படுத்தச் சொன்னேன்.